பெயர் பொறிக்கப்படாத கல்லறைகள்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம்மவர் பெற்ற பட்டங்களையும் பதவிகளையும் எண்ணி மகிழ்வது இயல்பே. ஆயினும் மகிழ்ச்சிக்குரிய நாளிலேதான் மறைந்தோரை நினைப்பது நம் மரபு. வீட்டில் நல்ல காரியம் நடைபெறுமுன் முன்னோர்க்குப் படையலிட்டு வணங்கும் வழக்கம் நமக்குண்டன்றோ? அவ்வழக்கத்தையொட்டியே இக்கட்டுரையை இம்மலரில் படைக்கின்றோம்.

இன்று நம் பிரம்மதேசம் வட்டாரத்து இளைஞர்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எனப் பல திசைகளுக்கும் வேலையின் பொருட்டும் படிப்பின் பொருட்டும் செல்கின்றனர். சென்றவர்கள் அந்நாடுகளின் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் கண்டு, படம் பிடித்து வருகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் துயர வரலாறு படிந்த இடங்களும் சில உண்டு. போலந்து நாட்டின் ஆஷ்விட்சுக்கும் சப்பானிய நகராம் இரோசிமாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் இராபன் தீவுக்கும் உலகின் நாலாபுறத்திலிருந்தும் மக்கள் சென்று தலைகுனிந்து நின்று திரும்புகின்றனர். அவ்விடங்களுள் சில நம் இரத்தத்தோடு தொடர்புடையவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அத்தகையதோர் இடத்திற்கு நாங்கள் சென்று வந்த செய்தியையும், அங்கு நாங்கள் கற்ற பாடத்தையும் சொல்வதே எங்கள் நோக்கம்.

காஞ்சனபுரியில் கண்டவை

நம் சங்கத்தைச் சார்ந்த எங்களுள் நால்வர் தாய்லாந்து செல்லும் வாய்ப்பினைப் பெற்றோம். தலைநகர் பாங்காக்கிற்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் காஞ்சனபுரி என்னும் நகரம் உள்ளது. அங்கே குவாய் ஆற்றின்மீது ஓர் இரும்புப் பாலம் நிற்கின்றது. 1957-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் உலகப் புகழ்பெற்ற பாலம் அது. அப்படம் எடுக்கப்பட்ட இடமோ இலங்கையின் கித்துல்கல. உண்மைப் பாலத்தின்மீது நாங்கள் சென்றபொழுது பன்னாட்டுப் பயணிகள் நெருக்கியடித்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். கரையில் பழக்கடைகளும் தின்பண்டக் கடைகளும் களைகட்டியிருந்தன.

அந்தப் பாலத்தின்மீது சென்ற இருப்புப் பாதைக்குத்தான் ‘சயாம் மரண ரயில்’ என்று மலாயாத் தமிழர் பெயரிட்டனர். அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம்.

1941 டிசம்பர் 8 அன்று சப்பானியப் படை மலாயாவில் இறங்கிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்துப் பர்மாவும் சப்பானியர் கைக்குள் வந்தது. பர்மாவிலிருந்த படைக்குக் கடல் வழியே உணவும் ஆயுதமும் அனுப்புவது இடர்மிக்கதாயிற்று. எனவே தாய்லாந்தையும் பர்மாவையும் தரைவழி இணைக்க, மலையும் காடும் ஊடுருவி 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப் பாதை அமைக்க அவர்கள் முற்பட்டனர். 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. எந்திரங்கள் மிகக் குறைவு. கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையும் மனித முதுகுமே கருவிகள்.

அவ்வேலைக்கு ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க் கைதிகள் பயன்படுத்தப்பட்டனர். பிரிட்டானியர், ஆசுத்திரேலியர், டச்சுக்காரர், அமெரிக்கர் ஆகியோர் அவர்கள். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் மட்டும் போதவில்லை. ஆகவே மலாயா, பர்மா, சாவகம் முதலிய நாடுகளிலிருந்து ஆசியத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் தொகை 1,80,000 என்பாரும் 2,50,000 என்பாரும் உளர். இறந்தோர் 90,000 என்பாரும் அதனினும் மிகுதி என்பாரும் உளர். மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பகுதியினர் இரப்பர்த் தோட்டத் தமிழர்கள்.

வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கைதிகளின் கணக்கு ஏறத்தாழத் துல்லியமாக இருக்கின்றது. தொழிலாளர் கணக்கிலோ பல்லாயிரக்கணக்கில் வேறுபாடு காணப்படுகின்றது. இஃது ஏன்? இவ்வினாவே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அங்கே சென்றவர் யார்?

மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் எங்கிருந்து சென்றவர்கள்? தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய பழைய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள். நம் பிரம்மதேசமும் திண்டிவனமும் விழுப்புரமும் அன்று தென்னார்க்காட்டில் அடங்கியிருந்தன. சென்றோருள் பெருந்தொகையினர் ஆதிதிராவிட மக்கள்.

அவர்கள் ஏன் சென்றனர்? உழுதவனுக்கு நிலமில்லை, பண்ணையில் பட்ட கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. அண்டை மாவட்டமாகிய செங்கற்பட்டில் ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்பார், அங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து 1891-இல் அளித்த அறிக்கையில் இக்கொடுமைகளை விரித்துரைத்தார். அதன் பயனாகவே 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்குத் தரிசு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. ஆணை தாளில் இருந்தது. பசி வயிற்றில் இருந்தது. ஆதலால் மக்கள் கப்பலேறினர். அக்கரையில் சேரி இருக்காது, கூலி காசாகக் கிடைக்கும் என்று நம்பிச் சென்றனர். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் அப்பெயர்ச்சி நீடித்தது.

சில ஆண்டுகள் கழித்துச் சப்பானியர் வந்தனர். இரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை நின்றது, அரிசி அரிதாயிற்று. நல்ல கூலி, சில மாத வேலை, பின்னர் ஊர் திரும்பலாம் என்று ஆள் சேர்த்தனர். விருப்பத்துடன் வந்தோர் குறைந்தபொழுது வலிந்து பிடித்தனர். இலவசப் படக்காட்சி என்று கொட்டகைக்கு அழைத்துக் கதவை அடைத்து வண்டியேற்றியதும் உண்டென்று உயிர் பிழைத்தோர் சொல்லியிருக்கின்றனர். மூடிய சரக்கு வண்டிப் பெட்டிகளில் நாள் கணக்கில் பயணம். அதன்பின் காட்டு வழியே நடை. சில இடங்களில் மனைவி மக்களும் உடன் சென்றனர்.

1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வேலையை விரைந்து முடிக்கும்படி சப்பானியர் விரட்டினர். அதே காலத்தில் காலரா என்னும் வாந்திபேதி முகாம்களில் பரவிற்று. மலேரியா, சீதபேதி, ஆறாத புண், பட்டினி ஆகியவை முன்னரே அவர்களைத் தின்றுகொண்டிருந்தன. கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிடினும் மருத்துவர்கள் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்தனர். கழிப்பிடக் குழிகளை ஒழுங்குபடுத்தினர். தொழிலாளர் முகாம்களிலோ பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, ஒழுங்கு செய்வாரும் இல்லை. நோயுற்றவர் வீழ்ந்த இடத்திலேயே மாண்டனர். ஆற்றோரக் குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டனர், பலர் எரிக்கப்பட்டனர். ஒவ்வொரு சிலிப்பர்க் கட்டைக்கும் ஓர் உயிர் என்று மக்கள் சொல்வதுண்டு.

இருவகைக் கல்லறைகள்

காஞ்சனபுரி இரயில் நிலையத்திற்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 7,000 கைதிகள் அங்கே துயில்கின்றனர். பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற புல்வெளி; வரிசை வரிசையாகக் கற்கள்; ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. இருபத்திரண்டு, இருபத்து நான்கு, முப்பது என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்தபொழுது எங்கள் கண்கள் கலங்கின. அவர்கள் எந்த நாட்டினராயினும் என்ன? தாய் பெற்ற பிள்ளைகள் அல்லரோ? சிலருடைய கல்லில் அன்னையோ மனைவியோ எழுதியனுப்பிய வாசகமும் காணப்பட்டது. அன்று காலையில்தான் எவரோ வைத்துச் சென்ற மலர்கள் ஒரு கல்லின்மீது வாடாமல் இருந்தன.

அங்கு வெளிநாட்டார் ஒருவர் கையில் தாளொன்றை வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்தவாறு வந்தார். ஒரு கல்லின்முன் நின்றார். மண்டியிட்டார். தம் பாட்டனாரின் உடன்பிறந்தாராம். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் தேடி வந்தார்; தேடியவுடன் கண்டார்.

எங்களுள் ஒருவருக்கும் அத்தகைய உறவினர் ஒருவர் உண்டு. அவருடைய பாட்டியாரின் தமையனார் மலாயாவிற்குச் சென்றவர். ஆண்டிற்கொரு முறை யாரையேனும் கொண்டு கடிதம் எழுதியனுப்புவாராம். சப்பான் சண்டையோடு கடிதம் நின்றது. சயாமுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர் என்று, சண்டைக்குப் பின் திரும்பி வந்த ஊரார் ஒருவர் சொன்னதோடு செய்தியும் நின்றது. அவரைத் தேடி நாங்கள் எந்தக் கல்லின்முன் நிற்பது?

கல்லறைத் தோட்டத்தை அடுத்து வியத்நாமியர் மரபுப் பௌத்தக் கோயில் ஒன்றுண்டு. வாட் தாவோர்ன் என்பது அதன் பெயர். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் பின்னாளில் திரட்டப்பட்டு அக்கோயில் வளாகத்திலே ஒரு தூபியின்கீழ் வைக்கப்பட்டன. 1990-இல் காஞ்சனபுரியில் மேலும் ஒரு பெருங்குழி தோண்டப்பட்டு எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் எது தமிழனுடையது, எது மலாய்க்காரருடையது, எது பர்மியருடையது என்று யாரால் சொல்ல இயலும்? சாதி பார்த்துச் சுடுகாடு பிரித்த நாட்டிலிருந்து சென்றவர்கள், அங்கே ஒரே குழியில் அனைவருடனும் கலந்து கிடக்கின்றனர். ஆயினும் பெயரின்றிக் கிடக்கின்றனர்.

பாலத்திற்கு அண்மையில் மற்றொரு சின்னம் உண்டு. இறந்தோர் நினைவாகச் சப்பானியப் படையே 1944-இல் எழுப்பியது. அதில் பல மொழிகளில் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழும் ஒன்று! நம் எழுத்தை அங்குக் கண்டவுடன் எங்களுக்குள் எழுந்த உணர்ச்சியை என்னென்பது? எவர் சாகடித்தனரோ அவரே தமிழில் எழுதி வைத்துச் சென்றனர். ஆனால் அதிலும் ஒரு தமிழனின் பெயர் இல்லை.

எழுதியவர் வாழ்ந்தார்

இனி முன்னர் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கைதிகளுக்குக் கல் கிடைத்ததும் தொழிலாளர்க்குக் கிடைக்காததும் ஏன்? வெள்ளையர் ஆட்சியின் பாகுபாடு ஒரு காரணம், அதனை மறுப்பாரில்லை. தம் படைவீரரைத் தேடிய வல்லரசு, தம் தோட்டத் தொழிலாளரை அவ்வாறு தேடவில்லை. ஆனால் அஃது ஒன்றே காரணமன்று.

கைதிகளிடையே எழுதத் தெரிந்தவர்கள் இருந்தனர். எவர் எந்நாளில் இறந்தார், எவ்விடத்தில் புதைக்கப்பட்டார் என்பதைச் சப்பானியக் காவலரின் கண்ணுக்குத் தப்பித் துண்டுத் தாள்களில் எழுதினர். அத்தாள்களை மூங்கிலினுள்ளும் கல்லறைக்குள்ளும் ஒளித்து வைத்தனர். 1945-இல் போர் முடிந்தவுடன் ஒரு குழு அந்தக் குறிப்புகளைக் கைக்கொண்டு இருப்புப் பாதை நெடுகச் சென்று, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. ஆம்! அந்தக் கற்களையெல்லாம் நட்டது சிற்பியின் உளியன்று. ஒரு சிறு பென்சில்.

நம் மக்களின் முகாமில் அந்தப் பென்சில் இல்லை. இருந்திருப்பினும் அதைப் பிடிக்கும் கைகளுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. பள்ளித் திண்ணையில் ஏறவிடாமல் நம் பாட்டனை விரட்டியவர், அவன் காட்டில் இறக்கும்பொழுது அவனுக்குக் கல்லறையும் இல்லாமற் செய்தனர் என்றே நாங்கள் எண்ணுகின்றோம். கல்வி மறுப்பு என்பது வேலையை மறுப்பது மட்டுமன்று. இறந்தபின் பெயரையும் மறுப்பது.

எழுத்து இருந்த இடத்தில் நடந்தது வேறு. நேட்டால் நாட்டிற்குச் சென்ற முதற் கப்பலாகிய ‘துரூரோ’ 1860-இல் சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16 அன்று தர்பன் துறையை அடைந்தது. 1911 வரை அந்நாட்டிற்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்கள் ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடற்குறி ஆகியவை கப்பல் பதிவேட்டில் ஏற்றப்பட்டன. மொரீசியசு தீவின் போர்ட் லூயி துறைமுகத்தில் ‘ஆப்பிரவாசி காட்’ என்னும் கற்படிகள் உள்ளன. 1834 முதல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியத் தொழிலாளர் அந்நாட்டிற்கு வந்தனர். 2006-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. அவர்களின் பதிவேடுகள் அந்நாட்டில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் அப்பதிவேடுகளைப் புரட்டித் தம் பாட்டன் ஊரைக் கண்டறிந்து தமிழ்நாட்டிற்கு வருகின்றனர். முதலாளி நம்மை மதித்து எழுதினானில்லை; ஆளெண்ணிக் கூலி கொடுக்கவே எழுதினான். எனினும் எழுத்து நின்றது. அதனால் பெயரும் நின்றது.

நம் குறையும் உண்டு

காஞ்சனபுரியிலிருந்து திரும்பும் வழியில், அந்த நண்பரிடம் அவருடைய உறவினரின் பெயரைக் கேட்டோம். ஏதேனும் ஓர் ஆவணத்தில் தேடிப் பார்க்கலாமே என்னும் எண்ணத்தால் கேட்டோம். நண்பர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. “பினாங்குத் தாத்தா என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பெயர் தெரியாது” என்றார்.

ஊருக்கு வந்து பாட்டியாரின் மக்களைக் கேட்டார். அவர்களும் அறியவில்லை. பாட்டியார் அறிவார்; அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், கேட்பாரில்லை. சப்பானியன் எழுதவில்லை, வெள்ளையன் தேடவில்லை என்று சினந்து பேசிக்கொண்டு வந்த நாங்கள் அன்று வெட்கித் தலைகுனிந்தோம். படித்துப் பட்டம் பெற்ற நாமும் எழுதவில்லையே!

நம் நாடு கல்லில் எழுதத் தெரியாத நாடன்று. பிரம்மதேசம் என்னும் பெயரே அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய நிலத்தைக் குறிப்பது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் கல்லில் நிற்பது சோழர் கால வழக்கம். அந்நிலத்தை உழுதவனின் பெயருக்கு அங்கே இடமில்லை. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடப்பெயர்களாக வருகின்றன. அவற்றில் வாழ்ந்தோர் யாரென்பது வருவதில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் 5-ஆம் நூற்றாண்டளவிலான நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. சண்டையிட்டு மாண்ட சேவலொன்றுக்கு நட்ட கல் அது. சேவலின் உருவமும் எழுத்தும் அதில் உள்ளன. ஒரு சேவலுக்குக் கல் நட்ட மண்ணிலிருந்து சென்ற மனிதருக்குக் கல் இல்லை என்றால், அந்த வழக்கை நாம் யாரிடம் தொடுப்பது?

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் மக்கள் அங்குக் கூடி அஞ்சலி செலுத்துவதால் அந்நினைவு அணையாமல் காக்கப்படுகின்றது. 1978 சூலைத் திங்களில் நம் விழுப்புரத்திலேயே நம்மவர் 12 பேர் படுகொலை செய்யப்பட்டனர். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் நடந்தது அது. அந்தப் பன்னிருவருள் ஒருவரின் பெயரையேனும் நம் இளைஞர் சொல்ல வல்லரா? வெளிநாட்டுக் கல்லறைகளைக் காணச் செல்லுமுன் இந்த வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று.

செய்யத்தக்கது

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் புதினங்கள் எழுதி, மறக்கப்பட்டோரை நினைவுக்குக் கொணர்ந்தனர். 2023-இல் தாய்லாந்துவாழ் தமிழரின் முயற்சியால் காஞ்சனபுரியில் தமிழ்த் தொழிலாளர் நினைவாக நடுகல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதற்கு நிதியுதவி அறிவித்தது. நம் இளைஞர் எவரேனும் அப்பக்கம் செல்வாராயின், பாலத்தின்மீது படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், அந்த நடுகல்லின்முன்னும் தூபியின்முன்னும் ஒரு கணம் நின்று வருதல் வேண்டும். அங்கே நிற்பது சுற்றுலாவன்று; துக்கம் கேட்கச் செல்வது. துக்கம் கேட்காத உறவு உறவாகுமா?

ஆனால் நடுகல்லில் பொறிக்கப் பெயர் வேண்டும். அப்பெயர் தாய்லாந்தில் இல்லை; நம் தெருக்களில் இருக்கின்றது. எண்பதும் தொண்ணூறும் கடந்த நம் முதியோரின் நெஞ்சில், அவர்கள் இளமையில் கேட்ட பெயராய் இருக்கின்றது. ஆகவே வெள்ளி விழாவின் நினைவாக நம் சங்க நூலகத்தில் ஒரு பேரேடு திறக்கப்பட வேண்டுமென்று உறுப்பினர்களை வேண்டுகின்றோம். மலாயா, பர்மா, இலங்கை, நேட்டால், மொரீசியசு என எந்நாட்டிற்குச் சென்றவராயினும் அவர் பெயர், தாய் தந்தையர் பெயர், தெரு, சென்ற ஆண்டு, கடைசியாய் வந்த செய்தி ஆகிய ஐந்தும் அதில் ஏறட்டும். நேட்டால் துரை நம்மை எண்ணுவதற்கு வகுத்த பத்திகளையே நாம் நம்மவரைப் போற்றுவதற்குப் பயன்படுத்துவோம். பள்ளிப் பிள்ளைகள் விடுமுறை நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடுதோறும் சென்று, முதியோர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதட்டும். இதற்குப் பணம் தேவையில்லை, காலந்தான் தேவை. அதுவோ நாளுக்கு நாள் குறைந்து வருகின்றது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியோர், நம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்தனர். அக்கோலால் தேர்வு எழுதினோம், விண்ணப்பம் எழுதினோம், வேலையும் பெற்றோம். இனி அதே கோலால் நம் முன்னோர் பெயரை எழுதுவோம்.

பேரேட்டின் முதற் பக்கத்தில் முதல் வரியை எங்கள் நண்பர் எழுதுவதாகச் சொல்லியிருக்கின்றார். பெயர் என்னும் பத்தியில் ‘பினாங்குத் தாத்தா’ என்று மட்டுமே எழுதுவார். மீதி இடத்தை வெறுமையாக விட்டு வைப்பார். அறிந்தார் எவரேனும் இவ்வூரில் இன்னும் இருப்பின், வந்து நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.